அசல் கைப்பையா, டூப்ளிகேட்டா? கொடுக்கும் காசு எங்கே போகிறது?

வார இறுதியில் ஆர்ச்சர்ட் ரோடு பக்கம் போயிருந்தால் பார்த்திருப்பீர்கள். ஆடம்பரக் கடைகளின் வாசலில் கயிறு கட்டியிருக்கும். உள்ளே போக ஒரு வரிசை நிற்கும்.

"ஒரு பைக்கு இவ்வளவு காசா? கோலாலம்பூர் பெட்டாலிங் ஸ்டிரீட்டுல அதே மாதிரி எவ்வளவோ மலிவா கிடைக்குமே! யாருக்குத் தெரியப்போகுது?"

வீட்டில் யாராவது ஒருவர் இதைச் சொல்லாமல் இருக்கமாட்டார். கேள்வியில் நியாயம் இருக்கிறது. ஆனால் எந்தப் பையைப் பற்றிப் பேசுகிறோம் என்பதைப் பொறுத்துப் பதில் மாறும்.

விலைக்கு ஏற்ற வேலைப்பாடு உண்டா?

சில பைகளில் நிச்சயம் உண்டு.

பிரான்ஸின் ஹெர்மெஸ் நிறுவனம் தயாரிக்கும் பர்கின் பையை எடுத்துக்கொள்ளுங்கள். ஒரு பையைப் பெரும்பாலும் ஒரே கைவினைஞர் தைத்து முடிக்கிறார். அதற்கு 15 மணி நேரத்துக்கும் மேல் ஆகலாம்.

மெழுகு தேய்த்த லினன் நூல். அதன் இரு முனையிலும் ஊசி. ஒரே துளைக்குள் இரண்டு பக்கமிருந்தும் நூல் போகும். குதிரைச் சேணம் தைக்கும் முறை அது. ஓர் இடத்தில் நூல் அறுந்தாலும் பக்கத்துத் தையல் பிடித்துக்கொள்ளும். இயந்திரத் தையலில் ஒரு நூல் அறுந்தால் வரிசையாகப் பிரிந்துவர வாய்ப்புண்டு.

2025 ஏப்ரலில் டிக்டாக்கில் சில காணொளிகள் பரவியது நினைவிருக்கலாம். "பர்கினை நாங்கள்தான் சீனாவில் செய்து கொடுக்கிறோம்" என்று சிலர் அடித்துச் சொன்னார்கள். பலரும் நம்பினார்கள். ஹெர்மெஸ் தன் தோல் பைகளைப் பிரான்ஸில்தான் தயாரிக்கிறது.

எல்லா பிராண்டும் அப்படித்தானா?

இங்கேதான் கொஞ்சம் நிதானிக்கவேண்டும்.

2024 ஜூனில் இத்தாலியின் மிலான் நீதிமன்றம், டியோர் நிறுவனத்தின் உற்பத்திப் பிரிவு ஒன்றைத் தற்காலிகமாக நீதிமன்றக் கண்காணிப்பின்கீழ் கொண்டுவந்தது.

விசாரணையில் வெளிவந்த எண் ஒன்று உலகம் முழுதும் பேசப்பட்டது. கடையில் 2,600 யூரோவுக்கு விற்கப்பட்ட கைப்பையைத் தைத்துக் கொடுக்க, ஒரு குத்தகையாளருக்குக் கிடைத்தது 53 யூரோ.

நியாயமாகச் சொல்லவேண்டும் என்றால், அந்த 53 யூரோவில் தோலின் விலை சேரவில்லை. வடிவமைப்பு, கடை வாடகை, விளம்பரம் எதுவும் சேரவில்லை. ஆனால் காசைவிட மற்ற விவரங்கள்தான் மனத்தை உறுத்தின. ஊழியர்கள் பட்டறையிலேயே படுத்து உறங்கினார்கள். வேலை வேகமாக நடக்க இயந்திரங்களின் பாதுகாப்புக் கருவிகள் கழற்றப்பட்டிருந்தன.

அந்தக் குத்தகையாளர்களுடன் இனி வேலை இல்லை என்று டியோர் கூறியது. கண்காணிப்பு 2025இன் தொடக்கத்தில் நீக்கப்பட்டது.

'இத்தாலியில் தயாரானது' என்ற முத்திரைக்காகக் கூடுதல் காசு கொடுத்தவர்கள் என்ன நினைத்திருப்பார்கள்?

இன்னொரு விஷயம். விலை அதிகம் என்றால் அசல் தோல் என்று பலர் நினைக்கிறார்கள். லூயி வித்தோனின் புகழ்பெற்ற மோனோகிராம் பைகள் பெரும்பாலும் பூச்சு பூசிய கித்தான் துணி. கைப்பிடியிலும் ஓரத்திலும்தான் தோல். உழைக்கும், தண்ணீர் பட்டால் கெடாது. ஆனால் தோலுக்குக் கொடுக்கும் காசு அல்ல அது.

விலையும் நின்றபாடில்லை. ஷனெல் நிறுவனத்தின் நடுத்தர அளவு 'கிளாசிக் ஃபிளாப்' பை, அமெரிக்காவில் 2019இல் 6,000 டாலருக்குள் இருந்தது. ஐந்தே ஆண்டில் 10,000 டாலரைத் தாண்டிவிட்டது. பை அதே பைதான்.

அப்படியானால் டூப்ளிகேட் வாங்கிவிடலாமா?

சும்மா சொல்லக்கூடாது, போலிகளின் தரம் உயர்ந்துவிட்டது. ஜிப் ஓடும் சத்தம், தூசிப்பை, பெட்டி, ரசீதுவரை நகலெடுக்கிறார்கள். சிலவற்றைக் கண்டுபிடிக்க நிபுணர்களே தடுமாறுகிறார்கள்.

ஆனால் டியோர் பட்டறையைப் பற்றி நமக்குத் தெரிந்ததற்குக் காரணம், கேள்வி கேட்க ஒரு நிறுவனமும் ஒரு நீதிமன்றமும் இருந்தது. போலிப் பை எங்கே, யார் கையால் தைக்கப்பட்டது என்று கேட்க ஆளே இல்லை. 'பெரிய நிறுவனம் ஏமாற்றுகிறது, அதனால் போலி வாங்குகிறேன்' என்பது எனக்குச் சரியான கணக்காகத் தெரியவில்லை.

இது சின்ன வியாபாரமும் அல்ல. 2021இல் உலக அளவில் கைமாறிய போலிப் பொருள்களின் மதிப்பு சுமார் 467 பில்லியன் டாலர் என்று ஓஇசிடி அமைப்பு கணித்தது. பறிமுதல் செய்யப்பட்டவற்றில் உடை, காலணி, தோல் பொருள்கள் மட்டும் 62 விழுக்காடு.

சட்டம் என்ன சொல்கிறது?

சிங்கப்பூரில் வர்த்தக நோக்கத்துடன் போலிப் பொருள்களை விற்பதும் இறக்குமதி செய்வதும் வைத்திருப்பதும் குற்றம். ஒவ்வொரு பொருளுக்கும் 10,000 வெள்ளி வரை அபராதம். மொத்தம் 100,000 வெள்ளியைத் தாண்டாது. 5 ஆண்டு வரை சிறையும் விதிக்கப்படலாம்.

சொந்த உபயோகத்துக்கு ஒன்று வைத்திருப்பவரை அந்தச் சட்டம் குறிவைக்கவில்லை. ஆனால் "நாலு வாங்கினேன், ரெண்டை கேரசல்ல போட்டுடலாம்" என்று நினைத்தால் நீங்கள் விற்பனையாளர் ஆகிவிடுகிறீர்கள்.

ஐரோப்பாவுக்குச் சுற்றுலா போகிறவர்கள் இன்னும் கவனமாக இருக்கவேண்டும். இத்தாலியில் போலிப் பொருளை வாங்குபவருக்கே 7,000 யூரோ வரை அபராதம் உண்டு. பிரான்ஸில் கையில் வைத்திருப்பதே சிக்கல்.

சின்னமும் பெயரும் இல்லாமல், சாயலில் மட்டும் ஒத்திருக்கும் பைகள் வேறு கதை. 2024 இறுதியில் வால்மார்ட் இணையத்தளத்தில் சுமார் 80 டாலருக்கு விற்ற ஒரு பை பர்கினை நினைவுபடுத்தியது. இணையவாசிகள் அதற்கு 'வர்கின்' என்று பெயரே வைத்துவிட்டார்கள். அசல் என்று சொல்லி யாரும் அதை விற்கவில்லை. இருந்தாலும் தனித்துவமான வடிவத்துக்கும் சட்டப் பாதுகாப்பு இருக்கலாம் என்பதால், இங்கேயும் கோடு அவ்வளவு தெளிவாக இல்லை.

'பை ஒரு முதலீடு' என்கிறார்களே?

2025 ஜூலையில் பாரிஸ் ஏலத்தில் ஒரு பை 8.6 மில்லியன் யூரோவுக்கு விலைபோனது உண்மைதான். ஆனால் அது நடிகை ஜேன் பர்கினுக்காகவே செய்யப்பட்ட முதல் பர்கின் பை.

நீங்கள் வாங்கப்போவது அது அல்லவே! சில ஹெர்மெஸ், ஷனெல் பைகள் போன்றவற்றைத் தவிர, பெரும்பாலானவை கடையைவிட்டு வெளியே வந்ததுமே மறுவிற்பனை மதிப்பை இழக்கத் தொடங்குகின்றன.

'கடை விலையைவிடக் குறைவு, முன்பணம் மட்டும் போதும்' என்ற பேச்சிலும் விழவேண்டாம். சிங்கப்பூரில் ஆடம்பரக் கைக்கடிகாரம், கைப்பை தருவதாகச் சொல்லி ஏறத்தாழ 32 மில்லியன் வெள்ளி மோசடி செய்த தம்பதி, 2022இல் கனரக வாகனத்தில் ஒளிந்து மலேசியாவுக்குத் தப்பி, பின்னர் ஜொகூர் பாருவில் பிடிபட்டதை மறந்திருக்கமாட்டீர்கள்.

சரி, வாங்குவது என்று முடிவெடுத்துவிட்டீர்கள் என்றால்...

பையைத் திருப்பி உள்பக்கத் தையலைப் பாருங்கள். பழுதுபார்த்துத் தருவார்களா, எத்தனை ஆண்டுக்கு என்று கேளுங்கள். பழைய பை வாங்கினால் ரசீதைக் கேளுங்கள். ஆனால் ரசீதையும் போலியாக அச்சிடுகிறார்கள் என்பதால் அதை மட்டும் நம்பவேண்டாம். தோல்தான் முக்கியம் என்றால், சின்னம் இல்லாத நல்ல தோல் பை சில நூறு வெள்ளிக்கே கிடைக்கும்.

வெளிநாட்டில் வாங்கி வருகிறீர்களா? 48 மணி நேரமோ அதற்கு மேலோ வெளிநாட்டில் இருந்திருந்தால் 500 வெள்ளி வரையிலான பொருள்களுக்குப் பொருள் சேவை வரி இல்லை. அதற்குக் குறைவான பயணம் என்றால் 100 வெள்ளி வரைதான். வேலை அனுமதி, மாணவர் அனுமதி போன்றவை வைத்திருப்போருக்கு அந்தச் சலுகை கிடையாது. 3,500 வெள்ளிப் பை என்றால் மீதமுள்ள 3,000 வெள்ளிக்கு 9 விழுக்காடு, அதாவது 270 வெள்ளி வரி. சாங்கியில் பச்சைப் பாதையில் நடக்காமல் சிவப்புப் பாதைக்குப் போய், ரசீதைக் கையில் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.