ஜெனரேட்டருக்கு உரிய இடம்

வடகிழக்குப் பருவ மழையும் புயலும் நமது நாட்டிற்குப் புதியனவல்ல. ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் மின்சாரம் நின்றுபோவதும், நின்ற மாத்திரத்தில் வீடுகளிலும் கடைகளிலும் ஜெனரேட்டர்கள் முழங்கத் தொடங்குவதும் வழக்கமாகிவிட்டன. 2018-ஆம் வருஷம் நவம்பர் மாதம் கஜா புயல் வீசியபோது தஞ்சை, நாகை, திருவாரூர், புதுக்கோட்டை ஜில்லாக்களில் பல கிராமங்கள் வாரக்கணக்கில் இருளில் கிடந்தன. மேல்நிலைத் தொட்டிகளில் தண்ணீர் ஏற்றுவதற்கு அப்போது வாடகை ஜெனரேட்டர்களே துணை நின்றன. ஆகவே இந்த யந்திரத்தைக் குறைகூற நாம் முன்வரவில்லை. அதை வைக்கும் இடத்தைப் பற்றியே நமது ஆட்சேபம்.

மாடிப்படியின் அடியிலும், கார் நிறுத்தும் கொட்டகையிலும், நிலவறையிலும், அடுத்த வீட்டு ஜன்னலுக்கு நேர் எதிரே உள்ள குறுகிய சந்திலும் இந்த யந்திரங்கள் வைக்கப்படுகின்றன. எல்லாவற்றிற்கும் இடம் ஒதுக்கிய பிறகு எந்த மூலை மிஞ்சுகிறதோ, அது ஜெனரேட்டருக்கு என்பதே நடைமுறை. இதனால் விளையும் கேடு உயிர்ச்சேதம் என்பதை ஜனங்கள் உணரவேண்டும்.

பெட்ரோலும் டீசலும் எரியும்போது கார்பன் மோனாக்ஸைடு என்ற விஷவாயு உண்டாகிறது. அதற்கு நிறமில்லை, வாசனையுமில்லை. நமது இரத்தத்தில் பிராணவாயுவைச் சுமக்கும் பொருளை அது பிராணவாயுவைக் காட்டிலும் 200 மடங்கிற்கு மேல் உறுதியாகப் பற்றிக்கொள்ளும். முதலில் தலைவலி, பிறகு மயக்கம், குமட்டல். தூங்குகிறவனுக்கோ இந்த எச்சரிக்கைகூட இல்லை. கறுத்த புகையைக் கண்டால் ஒதுங்கிக்கொள்ளும் நாம், கண்ணுக்குத் தெரியாத இந்த விஷத்தைப் படுக்கையறைக்கே வரவழைத்துக்கொள்வது என்ன விவேகம்?

"ஜன்னல்களைத் திறந்துதானே வைத்திருக்கிறோம்?" என்று சிலர் கேட்கக்கூடும். அது போதாது. ஜன்னலைத் திறப்பதாலோ, மின்விசிறியைச் சுழற்றுவதாலோ அந்த வாயு அபாயமற்றதாகிவிடாது. கதவு திறந்த கார் கொட்டகையும் வெளியிடமாகாது. யந்திரம் கட்டிடத்திற்கு வெளியே, கதவு, ஜன்னல், காற்றுத் துவாரம் ஆகியவற்றிற்குக் குறைந்தது 20 அடி தள்ளி, புகைக்குழாய் வீட்டிற்கு எதிர்ப்புறம் பார்க்க நிற்கவேண்டும். நமது 20 அடியோடு விஷயம் முடிவதில்லை. அண்டை வீட்டாரின் ஜன்னலுக்கும் அதே 20 அடி உண்டு. தன் மனையில் தன் யந்திரத்தை ஓட்ட ஒருவருக்கு உரிமை இருக்கலாம். பிறர் சுவாசத்தில் விஷம் கலக்கும் உரிமை எவருக்கும் இல்லை.

"வெளியே வைத்தால் மழையில் நனையும், களவு போகும்" என்பது அடுத்த வாதம். நாலு புறமும் திறந்து, மேலே மட்டும் கூரை வேய்ந்த கொட்டகை மழைக்குப் போதும். களவுக்குச் சங்கிலியும் பூட்டும் போதும். உயிருக்கு அப்படி ஒரு பூட்டு கிடையாது.

வெளியே வைத்தால் மட்டும் போதாது, உயரத்திலும் வைக்கவேண்டும். மின்சாரம் நிற்கும் நாளே வெள்ளம் புகும் நாளுமாக இருப்பதை நாம் அறிவோம். இதற்கு ஜப்பானின் அநுபவம் கண்கூடான சான்று. 2011-ஆம் வருஷம் மார்ச் 11-ந் தேதி கடல் பொங்கியபோது, புகுஷிமா அணுமின் நிலையத்தில் பெரும்பாலான அவசர ஜெனரேட்டர்கள் கட்டிடங்களின் அடித்தளத்தில் இருந்தபடியால் நீரில் மூழ்கின. ஆறாவது உலையைச் சேர்ந்த, உயரமான இடத்திலிருந்த ஒரே யந்திரம் ஓடியது. 5, 6-ஆம் உலைகள் தப்பின. அடுத்த வருஷம் நியூயார்க்கைப் புயல் தாக்கியபோது, பெல்வியூ ஆஸ்பத்திரியின் ஜெனரேட்டர்கள் 13-வது மாடியில் பத்திரமாக இருந்தும், எண்ணெய் ஏற்றும் பம்புகள் நிலவறையில் மூழ்கியதால் நோயாளிகளை வெளியேற்ற நேர்ந்தது. யந்திரம் மட்டுமல்ல, அதன் அங்கங்கள் யாவும் வெள்ள மட்டத்திற்கு மேலே இருக்கவேண்டும்.

இன்னொன்று: ஜெனரேட்டரின் ஒயரைச் சுவர்ப் பிளக்கில் சொருகிவிடுவோர் உளர். அந்த மின்சாரம் தெருக் கம்பிக்குத் திரும்பிச் சென்று, கம்பத்தில் ஏறியுள்ள ஊழியரைக் கொல்லக்கூடும். சேஞ்ச் ஓவர் சுவிட்ச் இல்லாமல் வீட்டு லைனுடன் இணைக்கவே கூடாது.

விதிகள் இல்லாமலில்லை. மத்திய மாசுக் கட்டுப்பாட்டு வாரியத்தின் கணக்குப்படி, 100 கேவிஏ ஜெனரேட்டரின் புகைக்குழாய் கட்டிடத்தின் உயரத்திற்கு மேல் இன்னும் 2 மீட்டர் உயரவேண்டும். 1,000 கேவிஏ வரையுள்ள டீசல் யந்திரத்தின் சத்தம் ஒரு மீட்டர் தூரத்தில் 75 டெசிபலுக்கு மேற்படலாகாது. காகிதத்தில் உறங்கும் விதி யாரையும் காப்பாற்றாது. மழைக்காலம் தொடங்குமுன் ஆஸ்பத்திரிகள், கல்யாண மண்டபங்கள், அடுக்குமாடிக் குடியிருப்புகளை அதிகாரிகள் நேரில் சோதிக்கவேண்டும். கட்டிட வரைபடத்திலேயே ஜெனரேட்டருக்கு இடம் காட்டாதவர்களுக்கு அனுமதி வழங்கலாகாது.

நமது பொதுஜன ஊழியர்களுக்கும் ஒரு வார்த்தை. புயல் நிவாரணத்திற்கு ஜெனரேட்டருடன் செல்லும் நீங்கள், அதைப் பள்ளிக்கூடத் தாழ்வாரத்தில் இறக்கிவிட்டுத் திரும்பாதீர்கள். முதலில் இருபது அடி அளந்து, மேடான இடம் பார்த்து இறக்குங்கள். அகதிகளாய் வந்து உறங்கும் குடும்பங்களுக்கு விளக்கைப் போலவே நல்ல காற்றும் வேண்டும்.