படுக்கை கேட்கும் காப்பீடு

இந்த வாரம் முழுக்கக் கோபமாகவே இருந்தேன். திருச்சியில் இருக்கும் என் தங்கை, ஆட்டிசம் உள்ள மகனின் தெரபி செலவுக்காக அனுப்பிய நிரமயா காப்பீட்டு க்ளெய்ம் அப்படியே திரும்பி வந்துவிட்டது.

“அக்கா, தேதி வாரியா வேணுமாம். மாசக் கட்டணம்னு ஒரே வரியில போட்டிருந்தா செல்லாதாம்” என்றாள் போனில்.

பில் கொடுத்தவர் வீட்டு மாடியில் ஒற்றை அறையில் தெரபி மையம் நடத்தும் பெண். பில்லில் சீல் இருக்கிறது, அவருடைய பதிவு எண் இருக்கிறது, குழந்தையின் பெயர் இருக்கிறது. எந்தெந்தத் தேதியில் வந்தான் என்பது மட்டும் இல்லை. அதையும் அவர் ஒரு நோட்டில் எழுதித்தான் வைக்கிறார். ஒவ்வொரு செஷன் முடிந்ததும் தங்கை அதில் கையெழுத்துப் போடுகிறாள். அந்தப் பக்கத்தின் நகலை அனுப்பச் சொல்லி ஒரு போன் செய்திருந்தால் விஷயம் முடிந்திருக்கும். அதைச் செய்யாமல் கட்டு மொத்தத்தையும் தபாலில் திருப்பிவிட்டார்கள்.

நகல் என்றதும், இந்தப் பத்தியைத் தொடர்ந்து படிக்கிறவர்களுக்கு என் பழைய ஜெராக்ஸ் கோபம் நினைவுக்கு வந்திருக்கும். ரேஷன் கார்டுக்கும் வாரிசுச் சான்றிதழுக்கும் எழுதியதை இங்கே திரும்ப எழுத வேண்டியிருக்கிறது. அரசே கொடுத்த காகிதத்தை, அரசின் இன்னொரு மேசைக்கு, நாமே நகலெடுத்து, நாமே கையெழுத்திட்டு எத்தனை முறைதான் கொடுப்பது? ஆட்டிசம் உள்ள குழந்தைக்குச் சான்றிதழ் வாங்குவது சாதாரண வேலை இல்லை. இந்திய ஆட்டிசம் மதிப்பீட்டு அளவுகோல் என்று ஒன்று இருக்கிறது. அதில் 40 கூறுகள். கண்ணைப் பார்க்கிறானா, கூப்பிட்டால் திரும்புகிறானா, காரணமில்லாமல் சிரிக்கிறானா, ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்கிறானா என்று பார்த்து, ஒவ்வொன்றுக்கும் 1 முதல் 5 வரை மதிப்பெண் போடுவார்கள். கூட்டுத்தொகை 70ஐத் தொட்டால் 40 சதவீத ஊனம், 158ஐத் தாண்டினால் 100 சதவீதம். தன் பிள்ளையால் என்னென்ன முடியாது என்பதை முன்பின் தெரியாதவர்களுக்கு முன்னால் ஒவ்வொன்றாகச் சொல்லி, ஒரு தாய் அந்தச் சதவீதத்தை வாங்குகிறாள். பிறகு யு.டி.ஐ.டி. என்கிற மாற்றுத்திறனாளி அடையாள அட்டை வருகிறது. இந்த ஒரே அட்டை எல்லாவற்றுக்கும் போதும் என்றுதான் சொன்னார்கள். போதவில்லை. அட்டையோடு சான்றிதழும் கேட்கிறார்கள், சான்றிதழோடு ஆதாரும் கேட்கிறார்கள். ஒவ்வொரு மேசையிலும் அந்தத் தாய் முதலிலிருந்து தொடங்குகிறாள்.

நிரமயா தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஆட்டிசம், மூளை முடக்குவாதம், அறிவுசார் குறைபாடு, பல்வகை ஊனம் ஆகிய நான்குக்காக 1999இல் வந்த சட்டத்தின்படி அமைந்தது தேசிய அறக்கட்டளை. அது 2008இல் கொண்டுவந்த மருத்துவக் காப்பீடு இது. வறுமைக்கோட்டுக்குக் கீழே உள்ளவர்கள் சேர 250 ரூபாய், மற்றவர்களுக்கு 500. ஆண்டுக்கு ஒரு லட்சம் ரூபாய் வரை. வயது வரம்பு இல்லை, சேருவதற்கு முன் மருத்துவப் பரிசோதனை இல்லை, ஏற்கெனவே இருக்கும் குறை என்று சொல்லி ஒதுக்குவதும் இல்லை. தனியார் காப்பீட்டு நிறுவனங்கள் ஆட்டிசம் என்ற சொல்லைக் கேட்டதும் விண்ணப்பத்தைத் திருப்பிய காலத்தில், அரசுப் பணத்தில் இப்படி ஒன்றை யோசித்தவர்களை மனதாரப் பாராட்டுகிறேன்.

ஆனால் அந்த ஒரு லட்சத்தைப் பிரித்து வைத்திருக்கும் விதத்தைப் பாருங்கள். பெரும்பகுதி அறுவை சிகிச்சைக்கும் மருத்துவமனையில் சேர்வதற்கும். தொடர் தெரபிக்குத் தொடக்கத்தில் வைத்த வரம்பு ஆண்டுக்குப் பத்தாயிரம்தான்; பிறகு கொஞ்சம் உயர்த்தினார்கள். செஷனுக்கு 500 என்று வைத்தாலும் பத்தாயிரத்துக்கு இருபது செஷன். வாரம் மூன்று போனால் ஏழு வாரம்கூட வராது. பேச்சுக்கு ஒருவர், ஓ.டி. என்கிற செயல்முறைப் பயிற்சிக்கு ஒருவர், சிறப்புக் கல்விக்கு ஒருவர் என்று போகும் குழந்தைக்கு ஒரு மாதம் ஓடுவதே கஷ்டம்.

அடுத்து, தமிழக அரசின் முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்துக்கு வருவோம். 2009இல் கலைஞர் காப்பீட்டுத் திட்டமாகத் தொடங்கி, 2012இல் இன்றைய பெயரைப் பெற்று, 2018இல் மத்திய அரசின் ஆயுஷ்மான் பாரத்தோடு இணைந்து, குடும்பத்துக்கு ஆண்டுக்கு 5 லட்சம் வரை தருகிறது. எத்தனையோ இதயங்களைக் காப்பாற்றிய திட்டம். ஆனால் அதன் அடிப்படை மருத்துவமனைப் படுக்கை. ஆட்டிசம் உள்ள பிள்ளை படுக்கையில் படுப்பதில்லை. அவன் ஒரு பாயில் உட்கார்கிறான், ஊஞ்சலில் ஆடுகிறான், அரிசித் தொட்டிக்குள் கைவிட்டு மணியைத் தேடுகிறான். 45 நிமிடம் கழித்து அம்மாவின் கையைப் பிடித்துக்கொண்டு பஸ் ஏறுகிறான்.

இதைப் பற்றித்தான் இந்த வாரப் பத்தி முழுக்க எழுத நினைத்தேன். கோபத்தில் அலமாரியிலிருந்து ஒரு பழைய புத்தகத்தை எடுத்தது வேறு வழியில் கொண்டுபோய்விட்டது.  கிளாரா கிளைபோர்ன் பார்க் எழுதிய ‘தி சீஜ்’. 1967இல் வந்தது. கிளாரா அமெரிக்காவில் மாசசூசெட்ஸ் மாநிலத்தின் ஒரு சிற்றூரில் வாழ்ந்த ஆங்கில ஆசிரியை. கணவர் இயற்பியல் பேராசிரியர். 1958இல் பிறந்த நான்காவது குழந்தை ஜெஸ்ஸி. புத்தகத்தில் அவள் பெயர் எல்லி. தரையில் ஒரு புள்ளியைச் சுற்றிச் சுற்றித் தவழ்ந்துகொண்டு, வேறு எதுவும் வேண்டாம் என்று மகிழ்ச்சியாக இருக்கும் குழந்தையோடு புத்தகம் தொடங்குகிறது.

அதே 1967இல் புரூனோ பெட்டல்ஹைமின் ‘தி எம்ப்டி ஃபோர்ட்ரஸ்’ வெளிவந்தது. குழந்தை இப்படி ஆனதற்குத் தாயின் அன்பின்மைதான் காரணம் என்று அடித்துச் சொன்ன நூல். அன்றைய உலகம் அதைத்தான் நம்பியது. 1943இல் ஆட்டிசத்தைப் பதினொரு குழந்தைகளின் கதையாக முதலில் எழுதிய லியோ கானர்கூட, குளிர்ந்த மனம் கொண்ட பெற்றோர் என்ற பேச்சுக்கு ஒரு காலத்தில் இடம் கொடுத்தவர். 1964இல், ஆட்டிசம் உள்ள மகனின் தந்தையான பெர்னார்ட் ரிம்லண்ட் என்ற உளவியலாளர், ஆட்டிசம் உடல் சார்ந்தது, பெற்றோரின் குற்றம் இல்லை என்று வாதிட்டார். அந்தச் சண்டைக்கு நடுவில் கிளாரா வேறொன்றைச் செய்தார். மகளோடு தரையில் உட்கார்ந்தார். கையைப் பயன்படுத்த மறுத்த குழந்தையைக் கையைப் பயன்படுத்த வைக்கவும், எதிரில் இருப்பதைப் பார்க்க வைக்கவும், கூப்பிட்டால் கேட்க வைக்கவும் அவர் செய்ததையெல்லாம் வருடக்கணக்கில் எழுதி வைத்தார். எனக்குத் தெரிந்து தாயைக் குற்றவாளிக் கூண்டிலிருந்து இறக்கி, வேலை செய்கிறவளாகக் காட்டிய முதல் புத்தகம் இதுதான். ஜெஸ்ஸி பின்னால் ஓவியரானார். வில்லியம்ஸ் கல்லூரியின் தபால் அறையில் வேலையும் பார்த்தார். வளர்ந்த ஜெஸ்ஸியைப் பற்றிக் கிளாரா 2001இல் இன்னொரு புத்தகம் எழுதினார். 2010இல் மறைந்தார்.

போன மாதம் தங்கை வீட்டில் பார்த்ததைச் சொல்கிறேன். காலை எட்டு மணி. பையன் தண்ணீர் பாட்டிலை அம்மாவின் கையில் திணிக்கிறான். திறந்து கொடு என்று அர்த்தம். அவள் திறக்கவில்லை. அவன் முகத்தின் உயரத்துக்குக் குனிந்து பாட்டிலைத் தன் கன்னத்தோடு பிடித்துக்கொண்டு காத்திருக்கிறாள். அவன் மூடியைப் பார்க்கிறான், ஜன்னலைப் பார்க்கிறான், கத்துகிறான். அவள் காத்திருக்கிறாள். ஒரு கணம் கண் அவள் கண்ணில் பட்டது. “தொற” என்றாள். அவன் “தொ” என்றான். உடனே அவன் கையை மூடியில் வைத்து, மேலே தன் கையை வைத்துத் திருகினாள். கடைசித் திருகலுக்குத் தன் கையை எடுத்துவிட்டாள். மூடியை அவனே திறந்தான். இதற்குள் அடுப்பில் பால் பொங்கி வழிந்தது. அவள் திரும்பிப் பார்க்கவில்லை.

“ஓ.டி. மிஸ் சொல்லிக் கொடுத்ததுக்கா. அங்க வாரத்துக்கு மூணு தடவை, இங்க நாள் பூரா” என்றாள்.

வங்கி வேலையை விட்டுவிட்டு இதைச் செய்கிறாள். அவள் செய்வதற்குப் பில் கிடையாது, எந்தப் படிவத்திலும் இதற்கு ஒரு கட்டம் கிடையாது. ஆனால் தெரபி என்பதில் பெரும்பகுதி இதுதான். அந்த 45 நிமிடம் இந்த நாள் முழுவதையும் கற்றுக்கொடுப்பதற்காக. இதற்கு ஆய்வும் இருக்கிறது. கோவாவிலும் பாகிஸ்தானின் ராவல்பிண்டியிலும் 65 குழந்தைகளை வைத்து நடத்திய ஆய்வு 2016இல் லான்செட் சைக்கியாட்ரி இதழில் வந்தது. நிபுணர்கள் அல்லாத சுகாதாரப் பணியாளர்களுக்குப் பயிற்சி கொடுத்து, பெற்றோருக்கு அவர்கள் மூலம் கற்றுக்கொடுத்தார்கள். பெற்றோர் பிள்ளையின் போக்குக்கு இசைந்து பதில் சொல்வது கூடியது. பிள்ளைகள் தாமாகப் பெற்றோரோடு தொடர்பைத் தொடங்குவதும் கூடியது. பார்த்த எல்லா அளவுகளிலும் முன்னேற்றம் இல்லை. ஆனாலும் நம்மைப் போன்ற நாட்டில், பெரிய மையங்கள் இல்லாமல், வீட்டிலேயே இது நடக்கும் என்று காட்டிய ஆய்வு.

மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்கள் இல்லையா என்று நீங்கள் கேட்கலாம். இருக்கின்றன. 2013இல் வந்த தேசியக் குழந்தைகள் நலத் திட்டத்தின் கீழ் அரசு மருத்துவமனைகளில் இலவசமாக நடப்பவை. சென்னைக்குப் பக்கத்தில் முட்டுக்காட்டில் மாற்றுத்திறனாளிகளுக்கான மத்திய அரசின் தேசிய நிறுவனமும் இருக்கிறது. பயன்படுத்துங்கள். ஆனால் மாவட்டத் தலைநகரில் இருக்கும் மையத்துக்கு மணப்பாறைக்கு அப்பாலிருந்து வாரம் மூன்று நாள் வரும் கூலித் தொழிலாளி அந்த மூன்று நாள் கூலியை இழக்கிறார். வீட்டுக்குப் பக்கத்தில் இருப்பது மாடி அறையில் மையம் நடத்தும் அந்தப் பெண்தான். அவருடைய பில்லுக்குத்தான் காப்பீடு பணம் கொடுக்க மறுக்கிறது.

முடியாத காரியத்தைக் கேட்கவில்லை. இதே முதலமைச்சர் காப்பீட்டுத் திட்டத்தில் காது கேளாத ஆறு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் காக்ளியர் கருவி பொருத்துகிறார்கள். பொருத்தியதோடு விடுவதில்லை; அதற்குப் பிறகான கேட்டல், பேச்சுப் பயிற்சிக்கும் திட்டமே பணம் தருகிறது. தாய் உடன் உட்கார்ந்து கற்றுக்கொள்ளும் பயிற்சி அது. ஆக, ஒரு குழந்தையைப் பேச வைக்கும் பயிற்சிக்கு எப்படிப் பணம் கொடுப்பது என்று நம் அரசுக்குத் தெரியும். அங்கே முன்னால் ஓர் அறுவை சிகிச்சை இருக்கிறது, இங்கே இல்லை. வித்தியாசம் அவ்வளவுதான். மக்களைத் தேடி மருத்துவம் திட்டத்தில் 2021 முதல் இயன்முறை மருத்துவர்கள் வீடு தேடி வருகிறார்கள். அந்த வழியும் திறந்தே இருக்கிறது. 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஆட்டிசத்தை 21 குறைபாடுகளில் ஒன்றாகச் சேர்த்தது. வேறு எந்த அரசுக் காப்பீட்டுத் திட்டமும் எட்டாதவர்களுக்கு முழுமையான காப்பீட்டுத் திட்டம் வேண்டும் என்று அதன் 24ஆம் பிரிவு சொல்கிறது.

சுகாதாரத் துறைக்கு என் வேண்டுகோள்: காக்ளியருக்குச் செய்ததை ஆட்டிசத்துக்கும் செய்யுங்கள். ஆண்டுக்கு இத்தனை செஷன் என்று வரையறுத்து, பதிவு பெற்ற எந்தத் தெரபிஸ்டிடமும் போகலாம் என்று விட்டு, பெற்றோருக்குப் பயிற்சி கொடுக்கும் செஷனைத் தனியாக ஒரு தலைப்பில் சேருங்கள்.

வாசகர்களுக்கும் ஒரு வேலை இருக்கிறது. நிரமயாவிலோ வேறு அரசுக் காப்பீட்டிலோ உங்கள் பிள்ளையின் தெரபிக்குப் பணம் மறுக்கப்பட்டிருந்தால், அவர்கள் சொன்ன காரணத்தை அப்படியே ஒரு தாளில் எழுதி இந்த இதழின் முகவரிக்கு அனுப்புங்கள். பெயர் வேண்டாம், மாவட்டம் போதும். எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துத் துறைச் செயலாளருக்கு அனுப்புகிறேன். நகல் எதுவும் இணைக்க வேண்டாம்.