தடம் காணும் கண்ணும் ஆய்வுக்கூடமும்

பழமை என்றவுடன் முகம் சுளிப்பாரும் உளர்; பழமை என்பதனாலேயே ஆராயாது போற்றுவாரும் உளர். இயற்கையோடு ஒன்றி வாழும் மக்களின் பட்டறிவும் அறிவியலும் ஒன்றற்கொன்று பகை அல்ல என்பதை இவ்விரு சாராரும் உணர்தல் வேண்டும். இதற்குச் செங்கற்பட்டுப் பகுதியில் வாழும் இருளர் தக்க சான்றாவர்.

இருளர் தொன்றுதொட்டுப் பாம்பு பிடிப்பதில் வல்லவர். மண்ணில் பதிந்த மெல்லிய தடத்தையும், வளையருகே கிடக்கும் சட்டையையும், எச்சத்தையும் கண்டே உள்ளிருக்கும் பாம்பு இன்னது என்று அறிவர். ஏட்டில் எழுதப்படாத இவ்வறிவு பெற்றோரிடமிருந்து பிள்ளைகளுக்கு வழிவழியாக வந்தது. ஆயினும், ஒரு காலத்தில் இத்திறமை தோல் வணிகர்க்கே பயன்பட்டது. 1972ஆம் ஆண்டில் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. பின்னர்த் தோல் வாணிகம் தடுக்கப்பட்டது. பாம்புகள் பிழைத்தன, இருளரோ பிழைப்பை இழந்தனர்.

அந்நிலையில், 1978ஆம் ஆண்டில் இருளர் பாம்பு பிடிப்போர் கூட்டுறவுச் சங்கம் தோன்றியது. நல்ல பாம்பு, கண்ணாடி விரியன், கட்டு விரியன், சுருட்டை விரியன் ஆகியவற்றை அரசின் இசைவோடு பிடித்து, சில வாரங்கள் வைத்திருந்து நஞ்செடுத்தபின், உயிரோடு விட்டுவிடுகின்றனர். மருந்து செய்வோர் அந்நஞ்சைச் சிறிது சிறிதாகக் குதிரையின் உடலில் செலுத்துவர். அதன் குருதியில் உண்டாகும் எதிர்ப்பொருளைப் பிரித்து நச்சுமுறி மருந்து ஆக்குவர். பிடிப்பவர் இன்றேல் நஞ்சு இல்லை. ஆய்வுக்கூடம் இன்றேல் மருந்து இல்லை.

இந்தியாவில் 2000 முதல் 2019 வரை ஏறத்தாழ 12 இலட்சம் மக்கள் பாம்புக்கடியால் இறந்தனர் என்று ஓர் ஆய்வு மதிப்பிடுகின்றது. அவருள் பெரும்பாலோர் சிற்றூரினர். கடிபட்டவரை உடனே மருத்துவமனைக்குக் கொண்டு செல்லாமல், மந்திரத்தை நம்பிக் காலம் தாழ்த்துவது பட்டறிவு அன்று, அறியாமையே ஆகும். பழமையின் பெயரால் வருவன யாவும் அறிவு ஆகா. சோதனையில் நிற்பதைக் கொள்ளுதலும், நில்லாததைத் தள்ளுதலும் கடமையாகும்.

அறிவியலாரும் செருக்குறுதல் ஆகாது. அமெரிக்காவின் புளோரிடாவில் அயலிலிருந்து வந்து பெருகிய மலைப்பாம்புகளைத் தேடிப் பிடிக்க, 2017ஆம் ஆண்டில் மாசி சடையன், வடிவேல் கோபால் என்னும் இருளர் இருவர் அழைக்கப்பட்டனர். இரண்டு வாரங்களுக்குள் 13 பாம்புகள் பிடிபட்டன. 2023ஆம் ஆண்டில் இந்திய அரசு அவ்விருவர்க்கும் பத்மஸ்ரீ விருது அளித்தது.

விருது மட்டும் போதாது. பட்டறிவுடையாரைக் கூலியாளராகக் கருதும் நிலை மாறவேண்டும். அவர்தம் பிள்ளைகள் தடம் காணும் கண்ணை இழவாமல், கல்வியும் பெற்று, ஆய்வுக்கூடத்திலும் இடம்பெற வேண்டும். அன்றுதான் இரண்டு அறிவும் ஒன்றாயின எனலாம்.