மூணு மா ஒரு ஏக்கர்

தஞ்சாவூர்ப் பக்கம் போய் ‘எவ்வளவு நிலம் இருக்கு?’ என்று கேட்டால் ‘ஆறு மா’ என்பார்கள். மூன்று மா ஒரு ஏக்கர், இருபது மா ஒரு வேலி. அந்த ஊர்ச் சின்னப் பையனுக்குக் கூடத் தெரிந்த கணக்கு. கம்ப்யூட்டருக்கு?

எங்கே பார்த்தாலும் ஏ.ஐ. ஏஜென்ட் என்கிறார்களே, அது வேறொன்றும் இல்லை. கேட்டதற்குப் பதில் மட்டும் சொல்லிக் கொண்டிருந்த ஆசாமிக்கு இப்போது கை முளைத்திருக்கிறது. அந்தக் கைக்குப் பெயர் ‘டூல்’. ஸ்பானர், திருப்புளி இல்லை, ஸார். சாஃப்ட்வேர் கருவி. ஒன்று மழை வருமா என்று பார்க்கும். ஒன்று டிக்கெட் போடும். ஒன்று உரத்துக்கு ஆர்டர் கொடுக்கும். 2024 நவம்பரில் ஆந்த்ரோபிக் கம்பெனி ‘எம்.சி.பி.’ என்று ஒரு பொது ஏற்பாட்டை வெளியிட்ட பிறகு, கருவிகளை ஏஜென்ட்டோடு கோர்ப்பது சுலபமாகி விட்டது.

விஷயம் என்னவென்றால், கருவிக்குள்ளே என்ன இருக்கிறது என்று ஏஜென்ட் பொதுவாக எட்டிப் பார்ப்பதில்லை. அதற்குத் தெரிவது கருவியின் பெயர், அதைப் பற்றி எழுதிய நாலு வரிக் குறிப்பு, என்னென்ன தகவல் தர வேண்டும் என்ற பட்டியல். கல்யாண மண்டபத்துச் சமையலறைக்கு வந்த புது ஆள் மாதிரி, லேபிளைப் பார்த்துத்தான் டப்பாவை எடுக்கும். ‘வெள்ளைப் பொடி’ என்று எழுதி ஒட்டியிருந்தால் பாயசத்தில் உப்புதான்!

ஒரு புரோகிராமர், ‘யூரியா கணக்கிடும் கருவி. நிலம்: எண்’ என்று எழுதி வைக்கிறார் என்று வைத்துக் கொள்வோம். ஒரத்தநாட்டு விவசாயி ‘ஆறு’ என்கிறார். ஏஜென்ட் அந்த ஆறை அப்படியே தூக்கிப் போடுகிறது. உள்ளே கணக்கு ஏக்கரில். இரண்டு ஏக்கர் வயலுக்கு ஆறு ஏக்கர் யூரியா! பயிர் முதலில் கரும்பச்சையாகத் தளதளக்கும். அப்புறம் பூச்சி வரும். ஒரு காற்றடித்தால் சாய்ந்துவிடும். ‘பரப்பு ஏக்கரில். மா என்று சொன்னால் மூன்றால் வகுக்கவும். எதுவும் சொல்லாவிட்டால் கேட்கவும்’ என்று எழுதியிருந்தால் ஒரு போகம் பிழைத்திருக்கும்.

‘மேட்டூர் தண்ணீர்’ என்று இன்னொரு கருவி. விடை 90. தொண்ணூறு என்ன? டி.எம்.சி. என்றால் அணை கிட்டத்தட்ட நிரம்பியாச்சு, முழுக் கொள்ளளவே 93.47-தான். அடி என்றால், முழு மட்டம் 120 ஆயிற்றே, தண்ணீர் பாதியைச் சற்றே தாண்டியிருக்கும். ஜூன் 12 அணை திறக்குமா, குறுவைக்கு நாற்று விடலாமா என்று காத்திருக்கிறவருக்கு இது விளையாட்டு இல்லை.

முடியாது என்று சொல்வதையும் ஒழுங்காகச் சொல்ல வேண்டும். நெல் கொள்முதல் நிலையத்தில் ‘எடுக்க முடியாது’ என்று மட்டும் சொன்னால் விவசாயி எங்கே போவார்? ‘ஈரப்பதம் 20 இருக்கு. 17-க்கு மேல் கூடாது. காயவச்சுக் கொண்டாங்க’ என்றால் வழி தெரியும். (மழைக்காலத்தில் டில்லி சில சமயம் தளர்த்தும், அது வேறு.) ஏஜென்ட்டிடம் ‘எரர் 400’ என்று மட்டும் சொல்லிப் பாருங்கள். அதே ஈர நெல்லோடு திரும்பத் திரும்ப வந்து நிற்கும்.

நெல்லும் தண்ணீரும் என் கற்பனை. ஆனால் நிஜமாகவே நடந்ததும் உண்டு. புரோகிராம்களைத் திருத்தும் ஒரு ஏஜென்ட், வேறு ஃபோல்டருக்குப் போனதும் ஃபைல் விலாசத்தைத் தப்பாகக் கொடுத்ததாம். 2024 டிசம்பரில் ஆந்த்ரோபிக்காரர்களே எழுதினார்கள். ‘பக்கத்து வீடு’ என்று விலாசம் சொன்னால், நாம் நிற்கும் இடம் மாறும்போது பக்கத்து வீடும் மாறுமே! முழு விலாசம் கொடுத்தால்தான் வாங்கிக் கொள்வேன் என்று கருவியை மாற்றினார்கள். தப்பு நின்றது. மூளையைத் தொடவில்லை, லேபிளைத் திருத்தினார்கள்.

பி.காம். படித்தவர்களுக்கு இது புதிதில்லை. ஜர்னல் என்ட்ரிக்குக் கீழே ‘நேரேஷன்’ என்று ஒரு வரி உண்டு. தொகைதான் சரியாக இருக்கிறதே, வார்த்தை எதற்கு என்று தோன்றும். இரண்டு வருஷம் கழித்து முன்பின் தெரியாத ஒருவர் கணக்கைப் புரட்டும்போதுதான் அந்த வரியின் அருமை தெரியும். ஏஜென்ட், தினமும் வரும் முன்பின் தெரியாதவர்.

ஆகவே, ‘எனக்குப் புரோகிராம் எழுதத் தெரியாதே’ என்று ஆபீஸில் கவலைப்படும் நண்பரே! மூட்டை என்றால் கொள்முதல் நிலையத்தில் 40 கிலோ, தனியாரிடம் 60 கிலோவும் உண்டு என்பது பெங்களூர் புரோகிராமருக்குத் தெரியாது. உங்களுக்குத் தெரியும். உங்கள் ஆபீஸிலும் இப்படி இரண்டு அர்த்தமுள்ள சொற்கள் பத்தாவது இருக்கும். எழுதிக் கொடுங்கள். எழுதியதை நேற்று சேர்ந்த பையனிடம் காட்டுங்கள். அவன் கேட்கிற ஒவ்வொரு கேள்வியும் நீங்கள் விட்டுவிட்ட ஒரு வரி.

அவனாவது கேட்பான். ஏஜென்ட் பல சமயம் கேட்காது. ரொம்ப மரியாதையாக, ரொம்ப வேகமாகத் தப்பு செய்துவிட்டு, ‘வேறு ஏதாவது உதவி வேண்டுமா?’ என்று நிற்கும்.