சிவந்துவிட்டதா, சிவந்துகொண்டதா?

தில்லியில் சனவரி மாத நண்பகல் வெயில் மனிதருக்கு இதமானது. மூடுபனி விலகியதும் பல்கலைக்கழகப் புல்வெளிகளில் மாணவர்கள் வேர்க்கடலைப் பொட்டலங்களோடு அமர்ந்துவிடுகின்றனர். அதே வெயில் அப்புல்வெளியின் ஓரத்தில் நிற்கும் புதர்ச்செடிகளுக்கு இதமாக இருப்பதில்லை. குளிர்ந்த இலைக்கு அது தேவைக்கு மிஞ்சிய ஒளி.

டிசம்பர் இறுதியில் தில்லியின் நண்பகல் சூரியன் அடிவானிலிருந்து ஏறத்தாழ 38 பாகை உயரமே ஏறுகிறது. சூன் மாதத்திலோ 85 பாகை வரை ஏறுகிறது. குளிர்காலத்தில் ஒளி குறைவு என்பது உண்மை. ஆயினும் பச்சையம் ஒளியைப் பற்றும் திறன் குளிரால் பெரிதும் மாறுவதில்லை. பற்றிய ஆற்றலைக் கொண்டு சர்க்கரையை ஆக்கும் நொதிகளே குளிரில் தளர்கின்றன. வரவு நிற்காமல் செலவு மட்டும் குறைகிறது. எஞ்சிய ஆற்றல் ஆக்சிஜனை வினைத்திறன் மிக்க வடிவங்களாக மாற்ற, அவை இலையின் நுண்ணுறுப்புகளைச் சிதைக்கின்றன.

இந்நெருக்கடியைச் செடிகள் பல வழிகளில் எதிர்கொள்கின்றன. தில்லி ரிட்ஜ் காட்டின் கரீல் புதர் இலைச்சுமையையே ஏறக்குறையத் துறந்து, பச்சைத் தண்டுகளால் வாழ்கிறது. அது முதன்மையாக வறட்சிக்கான தகவமைப்பு எனினும் இங்கும் உதவக்கூடியது. குளிர்நாடுகளின் ரோடோடென்ட்ரான் புதர்கள் சில, உறைநிலையில் இலைகளைத் தொங்கவிட்டுச் சுருட்டிக்கொள்கின்றன. என்றும் பசுமையான செடிகள் பலவற்றில் ஸியாசாந்தின் என்னும் நிறமி பெருகி, மிகை ஆற்றலை வெப்பமாக வெளியேற்றுகிறது. நந்தினா, கொய்யா போன்றவற்றின் இலைகளில் ஆந்தோசயனின் சேர்ந்து செந்நிறம் படர்கிறது. இது உள்ளிருக்கும் பச்சையத்துக்கு ஒரு திரையாக அமைகிறது. வட அமெரிக்கப் புதரான செந்தண்டு டாக்வுட் குறித்து 2001இல் வெளியான ஆய்வு, வலிய ஒளிக்கு ஆட்பட்ட செந்நிற இலைகள் மஞ்சள் இலைகளைவிட விரைவாக மீண்டதைக் காட்டியது. செந்நிறத்துக்கு வேறு பயன்களும் உண்டு என வாதிடுவோர் இருப்பினும், ஒளிக்காப்பு என்னும் விளக்கம் வலுவானது.

சிக்கல் இதைப் பேசும் மொழியில் இருக்கிறது. ‘இலை சிவந்துவிட்டது’ என்பதே வழக்கு. தமிழில் ‘விடு’ என்னும் துணைவினை, நிகழ்வு முடிந்தது என்பதோடு, பல இடங்களில் அது விரும்பத்தகாதது என்ற குறிப்பையும் தருகிறது. பால் திரிந்துவிட்டது, செடி வாடிவிட்டது என்பவற்றின் வரிசையில் இலையின் சிவப்பும் சேர்ந்துவிடுகிறது. ‘கொள்’ என்னும் துணைவினையோ செயலின் பயன் செய்வோனையே சேர்வதைச் சுட்டுகிறது. ‘இலை சுருட்டிக்கொண்டது’ என்று சொல்லத் தயங்காத தமிழ், ‘இலை சிவந்துகொண்டது’ என்று சொல்லத் தயங்குகிறது. அறிந்து செய்யும் செயல் என்ற பொருளை இது செடியின்மேல் ஏற்றிவிடும் என்ற அச்சம் வேண்டியதில்லை. கதவும் தானே பூட்டிக்கொள்கிறது.

அறிவியல் மொழியும் இதே தவற்றுக்கு ஆளாகியிருக்கிறது. நலமான இலையில் ஒளிர்வு அளவீட்டு விகிதம் ஏறத்தாழ 0.83 என்பது 1987இல் பியோர்க்மன், டெம்மிக் ஆகியோரின் ஆய்வால் நிலைபெற்றது. அவ்விகிதம் குளிர்காலத்தில் தாழ்வதை ‘ஒளித்தடை’ என்றனர். உற்பத்தியின் பக்கம் நின்று இட்ட பெயர் அது. அதே 1987இல் டெம்மிக் குழுவினர் ஸியாசாந்தின் ஆற்றலை வெளியேற்ற உதவக்கூடும் என முன்வைத்தபின், அத்தாழ்வின் ஒரு பகுதி காப்பு முயற்சியின் விளைவே என்ற புரிதல் படிப்படியாக வளர்ந்தது. தமிழில் ஆய்வு எழுதுவோர் இவ்வேறுபாட்டைத் தொடக்கத்திலேயே பேணலாம்: அளவீட்டின் தாழ்வுக்கு ஒளித்தடை, உறுப்புகளின் சிதைவுக்கு ஒளிச்சேதம், தற்காப்புக்கு ஒளிக்காப்பு.

சொல்லைப் பொறுத்தே கைகளும் இயங்குகின்றன. செந்நிறத்தை நோயாகவோ ஊட்டக் குறைவாகவோ கொண்டால், அடுத்து உரமும் நீரும் கத்தரிக்கோலும் வருகின்றன. குளிரில் வளர்ச்சி ஒடுங்கிய செடிக்கு உரம் பயன்படுவதில்லை. நீர் தேங்கினால் வேர் அழுகும். வெட்டினால் எழும் இளந்தளிர், அடுத்த குளிரலையைத் தாங்காது. தில்லித் தமிழர் வீட்டு மாடங்களில் கறிவேப்பிலைத் தொட்டிக்கும் சனவரியில் பெரும்பாலும் இந்தக் கவனிப்பே கிடைக்கிறது.

எல்லா நிறமாற்றமும் காப்பு அன்று. கறிவேப்பிலையின் மஞ்சளில் உண்மையான சேதமும் இருக்கலாம். மணிச்சத்துக் குறைவிலும் இலை சிவக்கும். ஆகவே பார்த்த பின்பே பெயரிட வேண்டும். மேலிலையின் நிழல் விழுந்த இடம் பச்சையாகவும், வெயில் பட்ட இடம் சிவப்பாகவும் இருந்தால், அது ஒளிக்கான எதிர்வினை என்பதற்கு முதற்சான்று. ஹோலிப் பண்டிகைக்குள் இலை மீண்டும் பசுமை கொண்டால் சான்று வலுப்படும்.

நீலகிரியில் இப்புரிதல் நடைமுறையாகவே இருக்கிறது. உதகை அரசு தாவரவியல் பூங்காவில் பனிக்காலத்தில் அலங்காரச் செடிகளைக் கோத்தகிரி மிலார் கொண்டு மூடுவது வழக்கம். அம்மூடாக்கு இரவில் செடியின் வெப்பம் வெளியேறுவதைக் குறைக்கிறது. காலையில், இலை இன்னும் குளிர்ந்திருக்கையில், வெயில் நேரடியாகப் படுவதையும் தடுக்கிறது. பனி, வெயில் என்னும் இரண்டு காரணங்களுக்கும் அங்கு ஒரே விடை கிடைக்கிறது. ‘பனிக்கருகல்’ என்ற சொல்லில் அவ்விரண்டில் ஒன்று மட்டுமே எஞ்சியிருக்கிறது.

கலைச்சொல் ஆக்குவோர் அகராதியோடு தோட்டத்தையும் கலந்தால் விடுபட்ட பாதி திரும்பக் கிடைக்கும். அதுவரை, சிவந்த இலையின்முன் கத்தரிக்கோல் சில வாரங்கள் பொறுத்திருக்கலாம்.