தொண்டர்க்கு முதற் பாடம்

பிறர் துயர் துடைக்கப் புறப்படுவோர்க்கு அன்பு வேண்டும் என்பதை அறியாதார் இலர். ஆனால், அன்பு ஒன்றே போதுமா? நாடு விட்டு நாடு சென்று, எழுத்தறிவிக்கவும் நோய் தீர்க்கவும் விரும்புவோர்க்கு அன்போடு மற்றொன்றும் வேண்டும். எந்த மக்களுக்குக் கற்பிக்கச் செல்கின்றனரோ, அந்த மக்களிடமே முதலில் மாணவராய் அமரும் பணிவே அது. அப்பணிவு இல்லாத தொண்டு, வந்தவர் திரும்பியதும் மறைந்துவிடும். அப்பணிவு உள்ள தொண்டோ, செய்தவர் மறைந்த பின்னும் பயன் தரும்.

தருமபுரி மாவட்டத்தில் மலைகளுக்கு இடையே அமைந்த ஊர் தொப்பூர். கடல் அதற்கு நெடுந்தொலைவில் உள்ளது. எனினும் பரந்த உலகம் அவ்வூரின் வழியே நாள்தோறும் சென்று கொண்டிருக்கிறது. காசுமீரத்துச் சீநகரையும் கன்னியாகுமரியையும் இணைக்கும் 44-ஆம் எண் தேசிய நெடுஞ்சாலை தொப்பூர்க் கணவாயைக் கடந்தே செல்கிறது. வளைவும் இறக்கமும் உடைய அப்பாதையில் லாரிகள் கட்டுப்பாடு இழந்து மோதுவதும் கவிழ்வதும் பன்முறை நிகழ்ந்துள்ளன. அத்தகைய வேளையில் அடிபட்டுக் கிடப்பவன் தமிழனாகவும் இருக்கலாம். கன்னடனாகவோ பஞ்சாபியாகவோ இருத்தலும் கூடும். ஓடி வந்து உதவுவோர் அவனுடைய மொழியை அறிய வேண்டுவதில்லை. குருதி ஒழுகும் இடத்தைத் துணியால் அழுத்திக் கட்டவும், 108 ஊர்தியை அழைக்கவும் இரக்கமுள்ள நெஞ்சும் விரைந்து செயற்படும் கையும் போதும்.

ஒருமணி நேர உதவிக்கு இது போதும். ஓர் ஊரின் குழந்தைகளுக்கு ஆண்டுக் கணக்கில் கல்வி புகட்டுவதற்கு இது போதுமா? நோய் வராமல் காக்கும் முறைகளைத் தாய்மார்க்கு எடுத்துரைப்பதற்கு இது போதுமா? போதாது. அங்கே மொழி வேண்டும்; அம்மக்களின் உணவும் தொழிலும், அச்சமும் நம்பிக்கையும் தெரிந்திருக்க வேண்டும். கற்பிப்பவர் பேச்சு கேட்பவர் உள்ளத்தில் இறங்காவிடின், அவருடைய புலமை பூட்டிய பெட்டிக்குள் இருக்கும் பொன்னைப் போன்றதே.

இவ்வுண்மையைத் தம் வாழ்க்கையால் விளக்கியவர் ஒருவர் உண்டு. அவர் தமிழர் அல்லர். கடல் கடந்து தமிழரிடம் வந்தவர். சாமுவேல் பிஸ்க் கிறீன் என்பது அவர் பெயர்.

கிறீன் 1822-ஆம் ஆண்டு அமெரிக்காவின் மாசச்சூசெட்சு மாநிலத்தில் உள்ள ஊசுற்றர் என்னும் ஊரில் பிறந்தார். நியூயார்க்கில் மருத்துவம் பயின்று 1845-இல் பட்டம் பெற்றார். அவர் விரும்பியிருந்தால் அந்நகரிலேயே பொருளும் புகழும் ஈட்டி இனிது வாழ்ந்திருக்கலாம். ஆனால், அவர் உள்ளம் வேறு வழியை நாடியது. அமெரிக்கச் சமயப் பணிக் கழகம் ஒன்றின் மருத்துவராக அவர் 1847-இல் இலங்கையின் வடகோடியை அடைந்தார். அப்போது அவருக்கு வயது ஏறத்தாழ இருபத்தைந்து.

யாழ்ப்பாணம் மூன்று பக்கமும் கடல் சூழ்ந்த தீபகற்பம். அங்கே பேராறு இல்லை; கிணற்று நீரே பயிருக்கும் உயிருக்கும் ஆதாரம். பனந்தோப்புகளும், புகையிலைத் தோட்டங்களும், மீனவர் குடியிருப்புகளும் நிறைந்தது அந்நிலம். பேதி நோய் ஊர்களை வாட்டி வந்த காலம் அது. மேலைநாட்டு அறுவை மருத்துவம் அறிந்தவர் அங்கு மிகச் சிலரே. வட்டுக்கோட்டையில் முதலில் தங்கிய கிறீன், 1848-இல் மானிப்பாயில் மருத்துவ நிலையம் அமைத்தார். நோயாளிகளைக் கவனித்ததோடு, அவ்வாண்டிலேயே தமிழ் இளைஞர் சிலரைச் சேர்த்து மருத்துவம் கற்பிக்கவும் தொடங்கினார்.

தாம் ஒருவரே எத்தனை நோயாளிகளைக் காண இயலும்? தம் வாழ்நாள் முடிந்தபின் அவர்களைக் காப்பவர் யார்? இவ்விரு வினாக்களும் அவர் உள்ளத்தில் எழுந்தன என்பதை அவருடைய செயலே காட்டுகிறது. மருந்து கொடுப்பவர் ஒருநாள் நோயைத் தீர்க்கிறார். மருத்துவரை உருவாக்குபவரோ ஒரு தலைமுறையின் நோயைத் தீர்க்கிறார். கிறீன் இரண்டாம் வழியையும் மேற்கொண்டார்.

தொடக்கத்தில் அவர் ஆங்கிலத்தில் கற்பித்தார். அதன் விளைவு அவர் எதிர்பார்த்தபடி அமையவில்லை. ஆங்கிலம் வழியாகப் பயின்ற இளைஞர் அரசாங்க வேலையையும் மிகுந்த ஊதியத்தையும் நாடி வெளியூர்களுக்குச் சென்றனர். அவர்கள்மீது குறை கூறுவதற்கில்லை; வறுமை அறிந்த இளைஞன் நல்லூதியம் நாடுவது இயல்பே. எனினும், எந்தச் சிற்றூர்களுக்காகக் கல்வி தொடங்கப்பட்டதோ அந்தச் சிற்றூர்கள் மருத்துவர் இன்றியே கிடந்தன.

இந்நிலையைக் கண்ட கிறீன் ஒரு முடிவுக்கு வந்தார். மேலைநாட்டு மருத்துவத்தை இனித் தமிழிலேயே கற்பிப்பது என்பதே அம்முடிவு. முதலில் அவர் தாமே தமிழைப் பழுதறக் கற்றார். பின்னர், 1864-ஆம் ஆண்டு தமிழ்வழி மருத்துவ வகுப்பு தொடங்கியது. தமிழில் பயின்றவர் தமிழ் மக்களிடையே தங்குவர்; தமிழ் மக்களின் நோயைத் தமிழில் கேட்டுத் தமிழில் விளக்குவர் என்பது அவர் கருத்து. மாணவர்கள் தம் நாட்டு உடையையும் வழக்கங்களையும் கைவிட்டு ஐரோப்பியரைப் போல் ஆகிவிடுவதையும் அவர் விரும்பவில்லை. மக்களிடமிருந்து விலகியவன் மக்களுக்கு மருத்துவம் செய்ய இயலாது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார்.

வகுப்பு நடத்த நூல்கள் வேண்டுமே! தமிழில் அத்தகைய நூல்கள் இல்லை. கிறீன் மனந்தளரவில்லை. தமிழ் மாணவரைத் துணையாகக் கொண்டு ஆங்கில மருத்துவ நூல்களைத் தமிழாக்கினார். 'பிரசவ வைத்தியம்' 1857-இலும், 'இரண வைத்தியம்' 1867-இலும், 'மனுஷ அங்காதிபாதம்' 1872-இலும், 'கெமிஸ்தம்' 1875-இலும் வெளிவந்தன. இவ்வாறு அவர் முயற்சியால் தமிழில் உருவான மருத்துவ ஏடுகள் 4000 பக்கங்களுக்கு மேற்பட்டவை. எலும்பின் பெயரும் நரம்பின் பெயரும், மருந்தின் பெயரும் கருவியின் பெயரும் தமிழில் எழுதப்பட்டன. தமிழில் உள்ள சொல்லை முதலில் தேடினர். இல்லாத இடத்து வடமொழியிலிருந்து ஆக்கினர். அதுவும் இயலாத இடத்து ஆங்கிலச் சொல்லையே தமிழ் எழுத்தில் அமைத்தனர். அறிவியலைத் தமிழில் சொல்ல இயலுமா என்று ஐயுற்றுக் காலம் கழிக்காமல், சொல்லிக் காட்டியவர் கிறீன்.

அவரிடம் பயின்று மருத்துவரானோர் 62 பேர். அவருள் 33 பேர் தமிழிலேயே பயின்றவர். கிறீன் 1873-இல் தாயகம் திரும்பினார். திரும்பிய பின்னும் தமிழை மறந்தாரா? இல்லை. அமெரிக்காவில் இருந்தபடியே மொழிபெயர்ப்புப் பணியைத் தொடர்ந்தார்; 'மனுஷ சுகரணம்' என்னும் உடலியல் நூல் 1883-இல் வெளிவந்தது. மறு ஆண்டு, 1884-இல், அவர் காலமானார். தமிழர்க்கு மருத்துவத் தொண்டு புரிந்தவர் என்ற குறிப்பு தம் கல்லறையில் இடம்பெற வேண்டும் என்பது அவர் விருப்பம். மானிப்பாயில் அவர் பெயர் தாங்கிய மருத்துவமனை இன்றும் உள்ளது.

இவ்விடத்தில் இரண்டு தடைகள் எழலாம். கிறீன் சமயம் பரப்புவதற்காக வந்தவர் அல்லரோ என்பர் சிலர். உண்மையே. அவரை அனுப்பிய கழகத்தின் நோக்கமும் அவர் தம் நம்பிக்கையும் அதுவே. அதை மறைப்பதிற் பயன் இல்லை. ஆயினும் ஒருவரது நம்பிக்கையை ஏற்காதவரும் அவரது உழைப்பின் முறையைக் கற்கலாம். மானிப்பாயில் மருந்து பெற்றவர் அனைவரும் அவர் சமயத்தைத் தழுவியவர் அல்லர். மருத்துவ நூலில் உள்ள உடற்கூற்று அறிவும் எல்லார்க்கும் பொதுவானதே.

தமிழ்வழி மருத்துவக் கல்வி நிலைபெறவில்லையே, அவ்வுழைப்பு வீணன்றோ என்பது மற்றொரு தடை. கொழும்பில் 1870-இல் மருத்துவப் பள்ளி தோன்றியது. ஆங்கிலவழிக் கல்வியே வலுப்பெற்றது. கிறீனின் வகுப்பு தொடர்ந்து வளரவில்லை என்பது மெய்தான். ஆனால், அதனால் அவர் வழி தவறு என்று ஆகாது. நோயுற்றோர் அருகில் வாழ்ந்த மருத்துவர்களை அவ்வகுப்பு அளித்தது. தமிழில் மருத்துவம் கற்பிக்க முயல்வோர் அனைவர்க்கும் முன்மாதிரியான நூல்களை அளித்தது. விதைத்த நிலம் பின்னர்த் தரிசாய்க் கிடந்தால், அது விதையின் குற்றமன்று.

கிறீன் காட்டிய நெறிக்குத் தருமபுரி மாவட்டத்திலேயே மற்றொரு சான்று உண்டு. கல்வராயன் மலைக்கும் சித்தேரி மலைக்கும் இடைப்பட்ட பள்ளத்தாக்கில் உள்ளது சிட்டிலிங்கி. பழங்குடி மக்கள் மிகுதியாக வாழும் பகுதி அது. நோயுற்றோர் மருத்துவமனையை அடைய நெடுந்தொலைவு செல்ல வேண்டியிருந்தது. கேரளத்தில் மருத்துவம் பயின்ற ரெஜி ஜார்ஜ், லலிதா என்னும் மருத்துவத் தம்பதியர் 1993-ஆம் ஆண்டு அங்கே ஒரு குடிசையில் தம் பணியைத் தொடங்கினர். வெளியூர்ச் செவிலியரையே நம்பி இராமல், அவ்வூர்ப் பெண்களையே பயிற்றி நலப் பணியாளராக ஆக்கினர். குடிசை நாளடைவில் மருத்துவமனையாக வளர்ந்தது. மருத்துவத்தோடு நில்லாமல், உழவர்க்கும் கைத்தொழில் செய்யும் பெண்டிர்க்கும் துணையாக அப்பணி விரிந்தது. மானிப்பாயும் சிட்டிலிங்கியும் காலத்தாலும் இடத்தாலும் வேறுபட்டவை. எனினும், ஊராரின் கையிலேயே கருவியைக் கொடுக்க வேண்டும் என்னும் நெறி இரண்டிற்கும் ஒன்றே.

இந்நெறியை மறந்தால் நேர்வது யாது? 2004-ஆம் ஆண்டு டிசம்பர் 26-ஆம் நாள் ஆழிப்பேரலை தமிழகக் கடற்கரையைத் தாக்கியது. நாகப்பட்டினம் மாவட்டம் பெருந்துயர் அடைந்தது. நாட்டின் பல பகுதிகளிலிருந்தும் வெளிநாடுகளிலிருந்தும் உதவிகள் வந்து குவிந்தன. பலர் செய்த உதவி உயிர் காத்தது. ஆனால், பழைய துணிகள் மூட்டை மூட்டையாக வந்து, உடுத்துவார் இன்றிச் சாலையோரங்களிற் கிடந்தன. அனுப்பியவர் நெஞ்சில் அன்பு இருந்தது. மீனவர்க்கு வேண்டியது படகும் வலையும் இழந்த தொழிலுமே என்று கேட்டறியும் பொறுமை இல்லை. கேளாமல் கொடுத்த கொடை, பெறுவோர்க்குச் சுமையாக முடிந்தது.

கடல் கடந்த தொண்டு இன்று எளிதாகிவிட்டது. கிறீன் பல மாதம் கப்பலில் வந்த தொலைவை இன்று ஒரே நாளில் வானூர்தியிற் கடக்கலாம். அமெரிக்க அரசு 1961-இல் தொடங்கிய அமைதிப்படை, தன் தொண்டர்க்கு மொழிப் பயிற்சி அளித்த பின்னரே இரண்டாண்டுப் பணிக்கு அனுப்புகிறது. இது பாராட்டத் தக்கது. ஆயின், இரண்டு வாரம் ஒரு கடற்கரைச் சிற்றூருக்குச் சென்று, பள்ளிச் சுவருக்கு வண்ணம் பூசி, குழந்தைகளோடு படம் எடுத்துக்கொண்டு திரும்பும் வழக்கமும் பெருகியுள்ளது. அந்தச் சுவருக்கு வண்ணம் பூச அவ்வூரில் ஆள் இல்லையா? அவ்வேலைக்குரிய கூலி அவ்வூர்த் தொழிலாளிக்குக் கிடைத்திருந்தால் அதுவே உதவியாக இருந்திருக்கும் அன்றோ? வாரத்துக்கு ஓர் ஆசிரியர் வந்து வந்து போனால், குழந்தைகள் எதைக் கற்பர்? பிரிவை மட்டுமே கற்பர்.

ஆகவே, தொண்டு செய்யப் புறப்படும் இளைஞர் தம்மைத் தாமே மூன்று வினாக்கள் கேட்டுக்கொள்ளுதல் நன்று. அம்மக்களின் மொழியைக் கற்க ஆயத்தமா? அம்மக்கள் எதை வேண்டுகின்றனர் என்பதை அவர்களிடமே கேட்டனரா? தாம் திரும்பிய பின் அப்பணியைத் தொடர்ந்து செய்ய அவ்வூரில் ஒருவரையேனும் உருவாக்குவரா? இம்மூன்றிற்கும் ஆம் என்று விடை கூற வல்லவர், எந்நாட்டிற்கும் செல்லலாம், எக்கடலையும் கடக்கலாம். விடை கூற இயலாதவர் இன்னும் சிறிது காலம் கற்றல் வேண்டும்.

அக்கல்வியை எங்கே தொடங்குவது? அதற்குக் கப்பலும் வானூர்தியும் வேண்டுவதில்லை. தொப்பூரைப் போன்ற ஊரில் வாழும் மாணவன், எழுதப் படிக்கத் தெரியாத முதியவர் ஒருவர்க்குப் படிவம் நிரப்பித் தரும்போது தானே கையெழுத்திடக் கற்பித்தால், அவன் தொண்டின் முதற் பாடத்தைக் கற்றவனாகிறான். பிழைப்புக்காக வந்த வடநாட்டுத் தொழிலாளியின் மொழியில் பத்துச் சொற்களைக் கற்று அவன் குறையைக் கேட்பவனும் அப்பாடத்தையே கற்கிறான். அருகில் உள்ளவரிடம் கேட்டுப் பழகாத செவி, கடலுக்கு அப்பால் உள்ளவர் குரலைக் கேட்பது அரிது.

தொண்டர் வந்த நாளில் ஊர் மகிழ்வது இயல்பு. அவர் சென்ற பின்னும் ஊர் தன் காலில் நிற்குமாயின், அதுவே அவர் தொண்டின் வெற்றி.