தலைவிதிக்கு வாய்ப்பாடு உண்டா?



எழுபது கொண்டை ஊசி வளைவு ஏறிக் கொல்லிமலை அறப்பளீஸ்வரருக்குக் காணிக்கை போட வருகிற பக்தர்களை ஒன்று கேட்கின்றோம். மலைக்குடியில் ஒரு குழந்தை ரத்தம் வெளுத்து, கண் மஞ்சளித்து, மூட்டு மூட்டாய் வலித்துக் கதறினால், "முன் ஜென்ம வினை, சாமி குத்தம்" என்கிறானே பூசாரி, அந்த வினைக்குக் கணக்கு உண்டா? அரிவாள் செல் சோகை என்னும் இந்த வியாதிக்கு உண்டு. தாய் தகப்பன் இருவர் ரத்தத்திலும் அதன் கூறு மறைந்திருந்தால், பிறக்கும் ஒவ்வொரு பிள்ளைக்கும் அது வர நாலில் ஒரு பங்கு இடமுண்டு. பிரம்மா வாய்ப்பாடு பார்த்தா தலையில் எழுதுகிறான்?

இந்தியாவில் இவ்வியாதி நீலகிரி மலைவாசிகளிடம் 1952-லேயே கண்டறியப்பட்டது. இதை ஒழிக்கவென்று நாடு முழுவதற்கும் மத்திய சர்க்கார் திட்டம் ஆரம்பித்ததோ 2023 ஜூலை 1-ந் தேதி. எழுபத்தோரு வருஷம்! மந்திரி வீட்டுப் பிள்ளைக்கு வந்திருந்தால் எழுபத்தோரு நாள் பொறுப்பார்களா? (வல்வில் ஓரிக்கு மட்டும் ஆடி மாதத்தில் சர்க்கார் விழா நடக்கிறது. அவர் செத்து இரண்டாயிரம் வருஷமாகிறது.)

மற்ற அபூர்வ வியாதிகளின் கதியும் இதுதான். 2021-ல் அவற்றுக்கென ஒரு கொள்கை வெளியிட்டார்கள். நோயாளி ஒருவருக்கு 20 லட்சம் வரை என்றார்கள். 2022-ல் 50 லட்சமாக்கினார்கள். அதற்குமேல் வேண்டுமானால் ஜனங்களிடம் வசூலிக்க, சர்க்காரே இணையத்தில் ஓர் உண்டியலும் வைத்துவிட்டது! உண்டியல் கோயிலில்தான் இருக்கும் என்றல்லவா நினைத்திருந்தோம்? இந்த நாமக்கல் ஜில்லாக் குழந்தை ஒன்றுக்கு 2021-ல் 16 கோடி ரூபாய் ஊசி மருந்து வேண்டியிருந்தது. ஊர் உலகமெல்லாம் பணம் கொடுத்தது. சர்க்காரோ இறக்குமதி வரியை விட்டுக்கொடுத்துத் தர்மப் பிரபுவாயிற்று.

நாலு பேருக்கு வரும் வியாதிக்கு நாட்டுப் பணத்தைக் கொட்டலாமா என்பார்கள். 2018-ல் குஜராத்தில் திறந்த சிலைக்கு ஏறக்குறைய 3,000 கோடி ரூபாய் ஆயிற்றே, அந்தச் சிலைக்கு என்ன வியாதி? அன்றியும், சாதிக்குள்ளேயே, அக்காள் மகளையே, மாமன் மகளையே கட்டும் வழக்கம்தான் மறைந்திருக்கும் கூறுகளை ஒன்று சேர்த்து இப்படிப்பட்ட வியாதிகள் பலவற்றைப் பெருக்குகிறது. சாதியைக் காப்பாற்றுகிறவர்கள் அதன் பிள்ளைகளைக் காப்பாற்றவும் கடன்பட்டவர்களல்லவா?

ஆராய்ச்சியால் பலனில்லை என்று வாய் திறக்க ஒருவருக்கும் யோக்கியதை கிடையாது. வேலூர் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரியில், மத்திய சர்க்கார் இலாகாவின் பண உதவியோடு, ரத்தம் உறையாத ஹீமோபிலியா நோயாளிகள் ஐந்து பேருக்கு மரபணுச் சிகிச்சை செய்தார்கள். 2024-ல் வெளியான முடிவுப்படி ஐவருக்கும் ரத்தப்போக்கு நின்றிருந்தது. எந்த மாரியம்மன் செய்தாள் இதை?

அடுத்த தேர்தலில் வளைவு ஏறி ஓட்டுக் கேட்க வரும் கனவான்களிடம், இந்த ஆராய்ச்சிக்கு வருஷத்துக்கு எத்தனை ரூபாய் என்று கேளுங்கள். "கடவுள் காப்பாற்றுவார்" என்று எவனாவது சொன்னால், வந்த மோட்டாரை அப்படியே அடிவாரத்துக்குத் திருப்பிவிடுங்கள்.